முன் சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தம்: கண்டுபிடித்து, கழற்றி, மாட்டி, அலைன்மென்ட் வரை முழு வழிகாட்டி

குண்டும் குழியுமான சாலையில் முன்னால் சத்தம் வந்தால் பலரும் முதலில் மாற்றுவது ஷாக் அப்சார்பரைத்தான். அதிகம் செலவு வைக்கும் பாகம் அது. ஆனால் சத்தத்துக்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் லிங்க் ராடோ (ஸ்டெபிலைசர் பார் என்ற சாய்வுத் தடுப்புக் கம்பியை இணைக்கும் சிறு ராட்) லோயர் ஆர்ம் புஷ்ஷோதான் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் வளையம்). புது ஷாக் போட்ட பிறகும் அதே சத்தம் கேட்டால் வண்டி மறுபடி பட்டறைக்குப் போகும்.

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 போல முன்சக்கர இழுவையும் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள சிறிய கார்களை வைத்து இது எழுதப்பட்டது. வேலை நான்கு கட்டமாக நடக்கும்: தரையில் சோதனை, தூக்கிச் சோதனை, மாற்றுவது, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பின் இறுக்குவது. கடைசிக் கட்டத்தைத் தவறவிட்டால் முதல் மூன்றும் வீண்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

வீல் நட்டுக்கு 19 அல்லது 21 சாக்கெட். மற்றவற்றுக்கு 14, 17, 19 அளவுகளில் சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும். லிங்க் ராட் முனைக்கு 5, 6 மி.மீ. ஆலன் கீ. ஒரு கிலோ சுத்தியல் இரண்டு, சுமார் இரண்டடி நீளத்தில் ஒரு லிவர், கம்பி பிரஷ், துருநீக்கி ஸ்பிரே, வெள்ளைப் பெயின்ட் மார்க்கர் (நகப்பூச்சும் போதும்), அளவு நாடா, டார்க் ரெஞ்ச்.

உதிரிப் பாகத்தோடு புது நைலாக் நட்டும் காட்டர் பின்னும் (நட்டு கழலாமல் தடுக்கும் மடக்குக் கம்பி) வாங்கிவிடுங்கள். நைலாக் நட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒருமுறை இறுக்கியதும் பிடிப்பு குறையும். பழையதையே மாட்டினால் அதிர்வில் தளரும்.

துருநீக்கியை முதல் நாள் இரவே எல்லா நட்டிலும் அடித்துவையுங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு முறை.

2. ஓட்டிப் பார்த்துச் சத்தத்தை வகை பிரியுங்கள்

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஆடுகிற ஜாக்கியும் தளர்ந்த ஸ்டெப்னியும் சஸ்பென்ஷன் சத்தத்தை அப்படியே போலி செய்யும்.

சின்னச் சின்னக் குழிகளில், 20 கி.மீ. வேகத்தில், வேகவேகமாக ‘டக டக டக’ என்றால் லிங்க் ராட் அல்லது ஸ்டெபிலைசர் பார் புஷ். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் இந்தச் சத்தம் குறையும், ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் கூடும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது பார் முறுக்கேறுவதில்லை, லிங்கில் சுமை விழுவதில்லை என்பதே காரணம்.

பிரேக் மிதிக்கும்போதோ கிளம்பும்போதோ ஒரே ஒரு கனமான ‘டொக்’ என்றால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ். சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது அதுதான்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போல ‘டொய்ங்’ என்று வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். ஸ்டியரிங் பிடித்த கையிலேயே தட்டு உணர்ந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் ராடின் சக்கரப் பக்க முனை), ராக் (அந்த ராடுகளை இடவலமாக நகர்த்தும் பல்சட்டம்) அல்லது ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் இருக்கும் ஜாயின்ட்.

முழுதாக வளைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ‘கட கட கட’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். அது வேறு வேலை.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. சத்தம் வரும் சாலையில் பிரேக்கை லேசாக, வேகம் குறையாத அளவுக்கு, கால் வைத்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆடுவது பிரேக் பேட் அல்லது கேலிப்பர் பின். சஸ்பென்ஷனில் கை வைக்கத் தேவையில்லை.

3. தூக்குவதற்கு முன், தரையில்

சமதளமான கான்கிரீட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது படியில் இந்த எண் இல்லாமல் வேலை முடியாது. வண்டியைத் தூக்கிய பிறகு இதை எடுக்கவும் முடியாது.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுக்கு இடமும் வலமும் விரைவாக ஆட்டட்டும். இன்னொருவர் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கவும். எடை சக்கரத்தின் மேல் இருப்பதால் தேய்ந்த ஜாயின்ட் இங்கே நன்றாக மாட்டிக்கொள்ளும். விரலில் ‘டிக்’ என்று தட்டினால் அதுதான். கண்ணால் பார்ப்பதைவிட விரல் நம்பகமானது.

அடுத்து பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கை வைத்தபடி ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். சீராகச் சுழலாமல் கையில் துள்ளினால் மவுண்ட் பேரிங் போய்விட்டது.

ஷாக் பரிசோதனைக்கு வண்டியின் மூலையை அமுக்கி விடுவது எல்லோரும் செய்வது. மேலே வந்து ஒன்றரை அசைவுக்குள் நின்றால் சரி. அப்படி நின்றுவிட்டது என்பதற்காகவே ஷாக் புதிது போல இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். எண்ணெய் வழிந்து தூசி கெட்டியாக ஒட்டியிருந்தால் போய்விட்டது. மேல்பாகத்தில் மெல்லிய ஈரப்படலம் மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

4. தூக்கியபின்

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஆகாயத்தில் தொங்கும் சக்கரத்தில் நட்டை உடைக்கப் போனால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்குக் கட்டை. முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, பக்கச் சட்டத்தில் இதற்கென உள்ள கெட்டியான இடத்தில் ஸ்டாண்டை வையுங்கள். வண்டியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி வையுங்கள்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள பந்து மூட்டு). இந்த ஒரு படியைத் தாண்டியதால் பேரிங்குக்குப் பதில் ஆர்ம் மாற்றியவர்கள் நிறைய.

பிறகு இடதும் வலதும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ராக்கின் ரப்பர் உறைக்குள் (பூட்) இருக்கும் உள் ஜாயின்ட். அந்த உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் எது என்று கையில் தெரியும்.

லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) நடுவே லிவரை விட்டு மெதுவாக நெம்புங்கள். இந்த வகை வண்டியில் எடை ஸ்பிரிங் வழியாக ஸ்ட்ரட்டில் இறங்குவதால், சக்கரம் தொங்கும்போது கீழ்ப் பால் ஜாயின்ட்டில் பெரிய சுமை இல்லை. ஆட்டம் இருந்தால் இங்கே மறையாது. புஷ்ஷையும் அதே லிவரால் அசைத்துப் பாருங்கள். ரப்பர் வெளிவளையத்திலிருந்து பிரிந்திருந்தாலோ பாதிக்கு மேல் கிழிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் அவசரமில்லை.

லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆனால் இரு சக்கரமும் ஒரே உயரத்தில் தொங்கும்போது மட்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்கை இழுத்துப் பிடிக்கும், தேய்ந்த லிங்க்கூட நல்லது போல நிற்கும்.

கடைசியாக எல்லா ரப்பர் பூட்டுகளும். கிழிந்த பூட் உள்ள ஜாயின்ட் இன்று ஆடாவிட்டாலும் மழைநீரும் மணலும் உள்ளே போயிருக்கும். அதையும் பட்டியலில் சேருங்கள்.

5. எதை மாற்றுவது என்று முடிவு செய்வது

லிங்க் ராடும் ஷாக்கும் ஜோடியாக. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இரண்டு ஷாக் இருந்தால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். டை ராட் எண்ட் ஒன்று மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம், தவறில்லை.

லோயர் ஆர்மில் புஷ் மட்டும் போயிருந்தால் பிரஸ்ஸில் புது புஷ் ஏற்றலாம். பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் வண்டியில் அதுவும் ஆடினால் முழு ஆர்மே மேல். பிரஸ் கூலியையும் புஷ் விலையையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் குறைவு. புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் கொடுக்காதீர்கள். கோணலாக ஏறிய புஷ் சீக்கிரம் கிழியும்.

மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் தனி லிங்க் ராட் கிடையாது. ஸ்டெபிலைசர் பாரின் முனையே ஆர்முக்குள் நுழைந்து நட்டால் இறுகியிருக்கும். அங்கே அந்த முனைப் புஷ்ஷும் ஆர்ம் புஷ்ஷும் ஒன்றாகவே பார்க்க வேண்டியவை.

டை ராட் எண்ட், ஆர்ம், ஸ்ட்ரட் மூன்றும் அலைன்மென்ட்டைப் பாதிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தால் அலைன்மென்ட் கூலி ஒருமுறை.

6. லிங்க் ராட்

எளிய வேலை. சில பட்டறைகளில் இதை ஜம்பிங் ராட் என்பார்கள். இரு முனையிலும் ஒரு நட்டு, அவ்வளவுதான். சிக்கல் ஒன்றே ஒன்று: நட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும்.

அதைத் தடுக்க முனையில் ஆலன் கீ ஓட்டை இருக்கும், அல்லது பின்பக்கம் மெல்லிய ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். ஓட்டைக்குள் அடைந்த துருவை முதலில் ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஆலன் கீயைச் சுத்தியலால் தட்டி முழு ஆழத்துக்கு இறக்குங்கள். பாதி இறங்கிய கீ ஓட்டையை வட்டமாக்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் போராட வேண்டாம், கிரைண்டரால் நட்டை அறுத்துவிடுங்கள். வெட்டும்போது பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஈரத்துணியால் மூடுங்கள்.

புதிய லிங்க் ஓட்டைக்குள் நேராக நுழையாவிட்டால் பாரை நெம்பாதீர்கள். இரு பக்கமும் ஒரே உயரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள், தானாக நுழையும்.

7. டை ராட் எண்ட்

இங்கே வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும்.

முதலில் அளவு. லாக் நட்டின் விளிம்பிலிருந்து பால் ஜாயின்ட் தண்டின் நடுப்புள்ளி வரை அளந்து எழுதுங்கள். மரையில் மார்க்கர் கோடு ஒன்றும் போடுங்கள். கழற்றும்போது சுற்றுகளை எண்ணுவது மட்டும் போதாது, ஏனென்றால் வேறு கம்பெனி எண்டில் மரை ஆழம் வேறாக இருக்கலாம். நடுப்புள்ளி அளவு பொய் சொல்லாது.

இரண்டாவது, லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்துவது. நக்கிளிலிருந்து எண்டைக் கழற்றும் முன்பே இதைச் செய்யுங்கள், அப்போது நக்கிளே எண்டைப் பிடித்துக்கொள்ளும். உள் ராடின் தட்டையான இடத்தில் இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ராடும் சேர்ந்து சுற்றி ராக் பூட் முறுக்கிக் கிழியும்.

மூன்றாவது, காட்டர் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள். முழுதாக எடுக்க வேண்டாம், நான்கைந்து மரையில் நிற்கட்டும். எண்ட் திடீரென விடுபடும்போது தெறிக்காது, மரையும் காக்கப்படும்.

இனி கூம்புத் தண்டை விடுவிப்பது. புதிதாகச் செய்பவர்கள் தண்டின் முனையில் ஓங்கி அடிப்பார்கள். மரை நசுங்கும், எண்ட் அசையாது. அடிக்க வேண்டிய இடம் நக்கிளின் காது, அதாவது தண்டு நுழையும் வளையத்தின் பக்கவாட்டு. எதிர்ப்பக்கத்தில் ஒரு சுத்தியலை ஊன்றிப் பிடித்து, இந்தப் பக்கம் மற்றொன்றால் நேராக நான்கைந்து அடி. வளையம் ஒரு கணம் நீள்வட்டமாகிக் கூம்பைக் கைவிடும். கவை போன்ற பிரிப்பானை நுழைத்து அடித்தால் பூட் கிழியும். தூக்கிப் போடப்போகும் எண்டுக்கு மட்டும் அது சரி.

மாட்டும்போது கூம்பும் ஓட்டையும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். கிரீஸ் தடவாதீர்கள். அந்த இணைப்பு நிற்பதே உராய்வில்தான். நட்டை இறுக்கும்போது தண்டு சுற்றினால் கீழிருந்து ஜாக்கியால் லேசாக அழுத்துங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும். கோட்டை நட்டு (காட்டர் பின் நுழைய மேலே வெட்டுகள் உள்ளது) என்றால் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, ஓட்டை நேராகும் வரை இன்னும் முன்னோக்கியே திருப்புங்கள். பின்னால் தளர்த்தி ஓட்டையைப் பொருத்துவது தவறு.

லாக் நட்டை அலைன்மென்ட் கடைக்குப் போகும் அளவுக்கு இறுக்குங்கள். ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: மரை இடைவெளி 1.5 மி.மீ. உள்ள ராடில் ஒரு முழுச் சுற்று பிசகினால், 14 இன்ச் சக்கரத்தில் டோ (சக்கரத்தின் முன்னோரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஏறத்தாழ 4 மி.மீ. மாறிவிடும். அதோடு சில நூறு கி.மீ. ஓட்டினாலே டயர் ஓரம் ரம்பம் போல ஆகும்.

8. லோயர் ஆர்ம்

ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மில் மாட்டியிருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். நக்கிள் தாராளமாக அசைய வேண்டுமானால் டை ராட் எண்டையும்.

பல மாருதி கார்களில் பால் ஜாயின்ட் தண்டு நக்கிளின் பிளவுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். ஆகவே போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். உருவாமல் லிவர் போட்டு மணிக்கணக்கில் நெம்புவது அடிக்கடி நடக்கும் கூத்து.

பிளவை உளியால் விரிக்கலாம், மிக லேசாக. அதிகம் விரித்தால் காது வெடிக்கும், நக்கிளே மாற்ற வேண்டி வரும். பிறகு ஆர்மைக் கீழ்நோக்கி நெம்புங்கள்.

ஜாயின்ட் விடுபட்டதும் நக்கிளை வெளிப்பக்கம் சாய விடாதீர்கள். ஆக்சிலின் உள் ஜாயின்ட் கழன்று கியர்பாக்ஸ் எண்ணெய் கொட்டும், அல்லது பிரேக் ஹோஸ் இழுபடும். கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவிடுங்கள்.

இனி சட்டத்தோடு உள்ள இரு போல்ட்டுகள். எது எந்தத் திசையில் நுழைந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஆர்மைப் பழையதன் மேல் வைத்துப் புஷ் மையம், ஜாயின்ட் சாய்வு இரண்டையும் ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். இடது வலது மாறிப் பெட்டியில் வருவது உண்டு.

போல்ட்டுகளைக் கையால் நுழைத்து, நட்டைச் சும்மா உட்காரும் அளவுக்கு மட்டும் வையுங்கள். இப்போது இறுக்கக் கூடாது. பால் ஜாயின்ட் போல்ட்டை மட்டும் இப்போதே இறுக்கலாம், அதில் ரப்பர் இல்லை.

9. ஸ்ட்ரட்

நக்கிளோடு சேரும் இரு போல்ட்டுகளின் நிலையை மார்க்கரால் குறியுங்கள். சிறு இடைவெளியே கேம்பரை (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) மாற்றும். ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள மவுண்ட் நட்டுகளை எடுத்து முழு ஸ்ட்ரட்டாக இறக்குங்கள்.

நடுவில் இருக்கும் பெரிய நட்டை வண்டியிலோ, ஸ்பிரிங்கை அமுக்காமல் வெளியிலோ தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் முகத்துக்கு நேராகத் தெறிக்கும், உயிர் போகும். நல்ல ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். இந்தப் பாகத்தில் துணிச்சலுக்கு இடமில்லை. ஷாக் மாற்றும்போது மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) மூன்றையும் புதிதாகப் போடுங்கள். மறுபடி அவ்வளவும் கழற்றுவதைவிட இது மலிவு.

10. எடை இறங்கியபின் இறுக்குவது

புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் அந்தக் குழாய் சட்டத்தோடு கவ்விக்கொள்ளும். ஆர்ம் அசையும்போதெல்லாம் முறுக்கிக்கொள்வது ரப்பர்தான், குழாய் சுற்றுவதில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நின்ற இடத்திலேயே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அதற்கு மேல் முறுக்கும். ‘புது ஆர்ம் சில மாதத்திலேயே போய்விட்டது, டூப்ளிகேட் சரக்கு’ என்ற புகாரில் பாதி இங்கே பிறந்தது.

செய்ய வேண்டியது: நக்கிளுக்குக் கீழே ஜாக்கியை வைத்து, மூன்றாவது படியில் எழுதிய உயரம் வரும் வரை தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்துங்கள். அந்த உயரம் கிடைக்காவிட்டால் சக்கரம் மாட்டி, வண்டியைச் சரிவுப் பலகையில் ஏற்றி நிறுத்தி இறுக்குவதே நல்லது.

சிறிய கார்களில் வழக்கமான முறுக்கு அளவுகள்: டை ராட் எண்ட் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர், லிங்க் ராட் 45 முதல் 60, பால் ஜாயின்ட் குறுக்குப் போல்ட் 55 முதல் 65, வீல் நட் 85 முதல் 110. ஆர்மின் சட்டப் போல்ட்டுகள் வண்டிக்கு வண்டி அதிகம் மாறும். எல்லாவற்றுக்கும் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது.

11. அலைன்மென்ட்

டயர் காற்றை டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர்படி சரிசெய்துகொண்டு போங்கள். இந்தக் கார்களில் முன்னால் பொதுவாகத் திருத்தக்கூடியது டோ மட்டுமே. கேம்பர் தவறாகக் காட்டினால் எந்தப் பாகம் வளைந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஹைட்ராலிக் கருவி வைத்து ஸ்ட்ரட்டை நெம்பிக் கேம்பர் ‘எடுத்து’க் கொடுக்கும் கடைகள் உண்டு, சம்மதிக்காதீர்கள்.

ஸ்டியரிங் நேராகப் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தபின்பே டோ தொடங்க வேண்டும். இரு டை ராடிலும் தெரியும் மரை ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டுவது தீர்வல்ல. ஏர்பேக் உள்ள வண்டியில் ஆபத்தும்கூட. இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டிக்கு ஸ்டியரிங் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யம் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் லாக் நட்டுகள் இறுகியுள்ளனவா, ராக் பூட் முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று குனிந்து நீங்களே பாருங்கள்.

12. 100 கி.மீ. கழித்து

வீல் நட்டுகளையும் லிங்க், எண்ட் நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். எந்த நட்டாவது நகர்ந்தால் அந்த இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். இறுக்கிவிட்டு விடாமல், அந்த இணைப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

சத்தம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் மறுபடி இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள். பெரிய சத்தம் போனபிறகுதான் அதன் அடியில் இருந்த சின்னச் சத்தம் காதில் விழும். பெரும்பாலும் அது ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் இரண்டு ரப்பர் புஷ். அதற்குத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடம் சத்தம் அடங்கினால் அதுதான்.